ஜிரா வெலோசிட்டி சார்ட்: கிளிநொச்சிக் குழு ஒன்றின் பாவனை அனுபவம்

வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் புதிதாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்யத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைமார் ஜிராவைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. குழுவின் வேலைகளைப் பதிந்து, எது எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்க உதவும் மென்பொருள் அது. காசு கட்ட வேண்டுமா, இலவசமாகப் பாவிக்கலாமா, அதற்குள் இருக்கும் இத்தனை அறிக்கைகளில் எதைப் பார்ப்பது என்றெல்லாம் கேட்பார்கள். முழு ஜிராவையும் பற்றி எழுத இங்கே இடமில்லை. அதன் வெலோசிட்டி சார்ட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் குழுவுக்கு அதிகம் கைகொடுத்தது அதுதான். பிழையான கையில் கிடைத்தால் ஒரு நல்ல குழுவைக் கெடுத்துவிடக்கூடியதும் அதுதான்.

எங்களைப் பற்றிச் சுருக்கமாக: கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு மேல்மாடியில் இருந்து வேலை செய்கிறோம். ஐந்து டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், கூட்டங்களையும் பாக்லொக்கையும் (இனிச் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்) பார்த்துக்கொள்ள நான். அனேகமானோர் அறிவியல் நகரில் படித்தவர்கள்; சிலர் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், சிலர் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். கிளையன்ட் லண்டனில். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்பவர்களுக்கு முறை நேரம் ஒதுக்கும் மென்பொருள்தான் எங்கள் வேலை. இரண்டு கிழமைக்கு ஒரு ஸ்பிரின்ட்; அதாவது இரண்டு கிழமைக்கு இவ்வளவு வேலை என்று எடுத்து முடிக்கும் ஒரு சுற்று. திட்டமிடும் கூட்டம் எங்களுக்குப் பிற்பகல் 2.30, அவர்களுக்குக் காலை 9 மணி. அங்கே கோடைகால நேரம் தொடங்கினால் எங்களுக்கு 1.30 ஆகிவிடும், சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து உட்காருவார்கள்.

வெலோசிட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். செய்யவேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் குழுவே கூடிப் பேசி ஒரு பொயின்ட் போடும். 1, 2, 3, 5, 8, 13 என்று போகும் அந்த எண்கள் மணித்தியாலங்கள் இல்லை. ஒரு வேலையை இன்னொன்றோடு வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிது, எவ்வளவு சிக்கல், எவ்வளவு தெளிவில்லாதது என்ற கணிப்பு. ஸ்பிரின்ட் முடியும் நாளில் முழுதாக முடிந்த வேலைகளின் பொயின்டுகளைக் கூட்டினால் வருவது அந்த ஸ்பிரின்டின் வெலோசிட்டி. முக்கால்வாசி முடிந்த வேலைக்கு ஒன்றும் கிடையாது. அது எந்த ஸ்பிரின்டில் முடிகிறதோ அங்கேதான் அதன் முழுப் பொயின்டும் சேரும். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்கும் முறையின் காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. ஸ்பிரின்ட் ஸ்பிரின்டாக வேலை செய்யும் முறைக்கு ஸ்க்ரம் என்று பெயர். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில் வெலோசிட்டி பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே ஸ்க்ரம் செய்கிறோம் என்பதற்காக இதை வைத்திருந்தே ஆகவேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் நம்ப வேண்டாம். பயன் இருந்தால் வைத்திருங்கள்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதை நான் விளங்கப்படுத்துவது இரணைமடுவை வைத்துத்தான். குளம் முழுதாக நிறைந்தால் 36 அடி. மாரி முடிந்து சிறுபோகக் கூட்டம் கூடும்போது நீர்மட்டம் இத்தனை அடி நிற்கிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்லும். இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்கார அமைப்புகளோடு பேசி முடிவெடுப்பது அதை வைத்துத்தான். தண்ணீர் குறைவென்றால் ஏக்கரைக் குறைப்பார்கள். அளவுகோலைப் பிடித்து ஏன் கூடக் காட்டவில்லை என்று ஒருவரும் ஏசுவதில்லை. இரணைமடுவின் அடிக்கணக்கை முத்தையன்கட்டின் அடிக்கணக்கோடு வைத்து எது நல்ல குளம் என்று கேட்பதும் இல்லை. அடுத்த இரண்டு கிழமைக்கு எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்க உதவும் அளவு வெலோசிட்டி. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது.

சரி, சார்ட்டுக்கு வருவோம். ஒவ்வொரு ஸ்பிரின்டுக்கும் இரண்டு தூண்கள். சாம்பல் நிறத் தூண், ஸ்பிரின்டைத் தொடங்கும் அந்த நிமிடத்தில் உள்ளே இருந்த வேலைகளின் மொத்தப் பொயின்ட். பச்சைத் தூண், முடியும்போது முடிந்திருந்தவற்றின் மொத்தம். பார்க்க மிகவும் எளிமை. ஆனால் இரண்டும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரின்ட் தொடங்கிய பிறகு ஒரு வேலையை உள்ளே போட்டால் சாம்பல் தூண் அசையாது. அந்த வேலையை முடித்துவிட்டால் பச்சையில் ஏறும். நடுவில் ஒரு வேலையின் பொயின்டை 3 இலிருந்து 8 ஆக மாற்றினாலும் அப்படித்தான்: சாம்பலில் பழைய 3, பச்சையில் புதிய 8. இதை அறியாதவர்கள் பச்சை உயர்ந்து நிற்பதைக் கண்டு சந்தோசப்படுவார்கள். பல நேரங்களில் அது நடுவில் வந்து விழுந்த அவசர வேலைகளின் அடையாளம்.

இந்த வடிவமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. தொடங்கும்போது என்ன நினைத்தோம் என்பதைப் பின்னால் திருத்தி எழுத அது இடம் கொடுப்பதில்லை. இரண்டு தூண்களையும் அருகருகே வைத்து நாலைந்து ஸ்பிரின்டைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் குழுவின் பழக்கம் தெரியவரும். சாம்பல் ஒவ்வொரு முறையும் பச்சைக்கு மேலே நின்றால், எடுப்பது கூட என்று ஒரு காரணம் இருக்கலாம். வேலைகள் பெரிய பெரிய துண்டுகளாக இருக்கின்றன என்றும் இருக்கலாம். வேறு யாருக்காகவோ காத்திருக்கிறோம் என்றும் இருக்கலாம். எது என்று சார்ட் சொல்லாது. அதற்கு அதே பக்கத்திலிருந்து ஸ்பிரின்ட் ரிப்போர்ட்டைத் திறக்க வேண்டும். முடிந்தவை, முடியாதவை, நடுவில் வெளியே எடுத்தவை எல்லாம் அங்கே பெயர் பெயராக இருக்கும். நடுவில் சேர்த்தவற்றுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்.

எங்களுக்கு அது மூன்றாவது காரணம். பச்சை தொடர்ந்து சாம்பலுக்குக் கீழே நின்றது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. ரிப்போர்ட்டைத் திறந்து ஒவ்வொரு டிக்கெட்டாக, அதாவது ஜிராவில் பதிந்த ஒவ்வொரு வேலையாக, பார்த்துக்கொண்டு போனோம். ஜிராவின் போர்டு வேலைகளை அவற்றின் நிலைப்படி நிரல் நிரலாக (column) அடுக்கிக் காட்டும். முடியாத வேலைகளில் முக்கால்வாசி அங்கே ஒரே நிரலில் தேங்கி நின்றன: லண்டன் பக்கம் பார்த்துச் சரி சொல்லும் நிரல். அங்கே அதற்கு ஒருவர்தான் இருந்தார், அவருக்கு வேறு நூறு வேலை. எங்கள் டெஸ்டர் தங்கச்சி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப அக்கா, இது நாங்கள் குறைய வேலை செய்தம் எண்டு காட்டேல்லத்தானே?" என்று கேட்டாள். இல்லை. வேலை எங்கே நிற்கிறது என்றுதான் காட்டியது. அதைக் கிளையன்டுக்கு அனுப்பினோம். அவர்கள் இரண்டாவது ஆள் ஒருவரை ஒதுக்கினார்கள். நாங்களும் 8 பொயின்டுக்கு மேற்பட்ட எதையும் உடைக்காமல் உள்ளே எடுப்பதை நிறுத்தினோம். தூண்கள் இரண்டும் கிட்டக் கிட்ட வந்தன. அந்த மாற்றத்துக்காக ஒருவரும் ஒரு இரவும் கூட இருந்து வேலை செய்யவில்லை.

நிறுவும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. வெலோசிட்டி சார்ட் ஸ்க்ரம் போர்டுக்கு மட்டும்தான் வரும், ஸ்பிரின்ட் இல்லாமல் வேலை செய்பவர்களுக்கான கன்பான் போர்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். போர்டில் வலது பக்கக் கடைசி நிரலுக்கு வந்தால்தான் அது முடிந்த வேலை என்று ஜிரா எடுத்துக்கொள்ளும். ஆகவே எந்த நிலையைக் கடைசி நிரலில் போடுகிறீர்கள் என்பது மிகவும் முக்கியம். கோட் எழுதி முடிந்தது என்பதையா, டெஸ்ட் முடிந்தது என்பதையா, கிளையன்ட் சரி என்றதையா? இதைக் குழு ஒன்றாக இருந்து பேசி முடிவெடுத்து, அப்புறம் அடிக்கடி மாற்றாமல் இருக்க வேண்டும். மாற்றினால் பழைய தூண்களையும் புதிய தூண்களையும் ஒப்பிட முடியாது. உப வேலைகளுக்குப் பொயின்ட் போட்டாலும் சார்ட்டில் ஏறாது; அவற்றுக்கு மேலே இருக்கும் முழு வேலைக்கு, அதாவது ஸ்டோரிக்குத்தான் போட வேண்டும். இலவசத் திட்டம் பத்துப் பேர் வரைக்கும். எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அது தாராளம், வெலோசிட்டி சார்ட்டும் அதற்குள்ளேயே கிடைக்கிறது.

இனி, எண்ணை எப்படி வாசிப்பது என்பது. ஒரு குழுவின் கடைசி ஆறு ஸ்பிரின்டில் பச்சைத் தூண்கள் 21, 34, 18, 29, 26, 24 என்று வைத்துக்கொள்வோம். அனேகமானோர் சராசரியை எடுத்து 25 என்று சொல்லிவிட்டு, 150 பொயின்ட் வேலைக்கு 6 ஸ்பிரின்ட், 12 கிழமை, இன்ன திகதிக்கு முடியும் என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் திகதியை நான் கொடுக்க மாட்டேன். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிட்டால் மிச்சம் 21 இலிருந்து 29 வரை. ஒரு ஸ்பிரின்டுக்கு 29 பொயின்ட் என்று போனால் 6 ஸ்பிரின்ட், 21 என்று போனால் 8. ஆகவே கிளையன்டுக்குச் சொல்லவேண்டியது 12 முதல் 16 கிழமை. 12 கிழமை என்பது எல்லாம் நன்றாகப் போனால் மட்டும். இப்படிச் சொன்னால் ஆரம்பத்தில் முகம் சுளிப்பார்கள். ஒரே திகதியை வாங்கி மூன்று முறை தள்ளிப்போட்ட அனுபவம் அவர்களுக்கும் வேறு இடத்தில் இருந்திருக்கும், அதனால் கெதியாகப் பழகிவிடுவார்கள். ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் நான் அந்த இரண்டு திகதிகளையும் திருப்பிக் கணக்கிட்டு அனுப்புவேன். வேலை குறையக் குறைய இரண்டுக்கும் இடையிலான தூரமும் குறைந்து வரும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்களுக்கு எங்கள்மேல் நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். வன்னியில் இருந்து வேலை எடுக்கும்போது, அங்கே கரண்ட் நிற்குமா, இணையம் இருக்குமா, சொன்ன நேரத்துக்குத் தருவார்களா என்ற கேள்விகள் வாயால் வராவிட்டாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அதற்குப் பேச்சால் பதில் சொல்ல முடியாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, இவ்வளவு எடுத்தோம், இவ்வளவு முடித்தோம், மிச்சம் ஏன் முடியவில்லை என்று மறைக்காமல் காட்டும் ஒரு படம் அந்த வேலையைச் செய்தது. அது எனக்கு மிகவும் பெறுமதியானது.

சார்ட்டில் இல்லாத முக்கியமான ஒன்று: யார் எத்தனை நாள் வேலைக்கு இருந்தார்கள் என்பது. போர்டின் அமைப்பில் வேலை நாட்கள் என்று ஒரு பகுதி உண்டு. போயா நாட்களையும் மற்ற விடுமுறைகளையும் அங்கே பதியலாம், ஸ்பிரின்டில் மிச்சமிருக்கும் வேலை நாளுக்கு நாள் குறைவதைக் காட்டும் பேர்ன்டவுன் சார்ட் அதைக் கணக்கில் எடுக்கும். வெலோசிட்டி சார்ட்டுக்கு அது பொருட்டில்லை. சித்திரைப் புத்தாண்டு வந்த ஸ்பிரின்டும் ஒரு விடுமுறையும் இல்லாத ஸ்பிரின்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி நிற்கும்.

எங்களுடைய இடத்துக்கு இது சிறிய விடயம் இல்லை. மாதம் ஒரு போயா. தைப்பொங்கல். அது முடிய அருவி வெட்டு; வீட்டில் வயல் இருக்கும் பிள்ளைகள் ஒன்றிரண்டு நாள் லீவு கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் ஒரு திங்கட்கிழமை. முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் அன்றைக்கு வேலைக்கு வருவார்கள் என்று யாரும் நினைப்பதே இல்லை. ஆவணியில் மடுத் திருவிழா. ஆகவே சார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூகுள் ஷீட் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஸ்பிரின்டுக்கும் ஒரு வரி: எத்தனை ஆள் நாட்கள் இருந்தன, என்ன தடங்கல், யார் புதிது. ஐந்து டெவலப்பர்கள் பத்து நாள் என்றால் 50 ஆள் நாட்கள். புத்தாண்டு, பெரிய வெள்ளி, தனிப்பட்ட லீவு எல்லாம் போய் 34 தான் மிஞ்சுகிறது என்றால், வழமையாக 25 முடிக்கும் குழு 17 அளவில்தான் எடுக்க வேண்டும். இந்தக் கணக்கைத் திட்டமிடும் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் செய்வோம். முன்கூட்டியே குறைத்து எடுத்தால் ஸ்பிரின்ட் முடிவில் ஒருவரும் தலைகுனிய வேண்டியதில்லை.

2022 இல் இந்த ஷீட்தான் எங்களைக் காப்பாற்றியது என்று சொல்வேன். அந்த வருடம் மார்ச் 31 இல் 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்ததை எல்லோரும் மறந்திருக்க மாட்டீர்கள். இன்வெர்ட்டர் பற்றரி சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. பெற்றோல் இல்லாததால் புதுக்குடியிருப்பிலிருந்து வரும் தம்பி வீட்டிலேயே இருந்தான். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் நின்றுவிட்டால் டொங்கிளும் வேலை செய்யாது. பச்சைத் தூண் வழமையில் பாதிக்கு வந்தது. அடுத்த ஸ்பிரின்டிலும் அப்படித்தான். சார்ட்டை மட்டும் பார்த்தவருக்கு, இந்தக் குழு திடீரென்று சோர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஷீட்டைச் சேர்த்துப் பார்த்தால், கரண்ட் இருந்த மணித்தியாலங்களுக்கு வழமைக்குக் குறையாமல் வேலை நடந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. கிளையன்ட் பக்கத்தில் பொறுப்பாக இருப்பவர் லண்டனுக்குப் புலம்பெயர்ந்த ஒரு தமிழர்தான், நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்த இரண்டையும் தன் மேலிடத்துக்குக் காட்டினார். திகதியைத் தள்ளிவைத்தார்கள், ஒப்பந்தத்தை நிறுத்தவில்லை. அந்தக் காலத்து எண்களை நாங்கள் சராசரிக்கு எடுப்பதில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும்.

அதே அண்ணா பின்னொரு நாள் கேட்டார்: "தங்கச்சி, இப்ப எல்லாம் நல்லாப் போகுதுதானே. இந்த 25ஐ 30 ஆக்கேலாதா?"

"ஆக்கலாம் அண்ணா. அடுத்த கூட்டத்தில ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் கூடப் பொயின்ட் போட்டாச் சரி, 30 வரும். ஆனா உங்களுக்கு வந்து சேருற வேலை ஒண்டும் கூடாது."

அவருக்கு விளங்கியது. அப்புறம் என்ன தேவை என்று கேட்டேன். பராமரிப்பு இல்லத்தில் இரவு முறை மாற்றம் செய்யும் திரை முதலில் வந்தால் போதும் என்றார். அதை மேலே தூக்கி வைத்தோம். அவருக்கு வேண்டியிருந்தது அந்தத் திரைதான், 30 என்ற எண் இல்லை.

எல்லோருக்கும் அப்படி விளங்காது. கிளிநொச்சிக்கு வருமுன் நான் வேலை செய்த கொழும்புக் கொம்பனி ஒன்றில் மூன்று குழுக்களின் வெலோசிட்டியை ஒரே ஸ்லைடில் போட்டு மாதாந்தக் கூட்டத்தில் காட்டுவார்கள். கூட இருக்கும் குழுவுக்குக் கைதட்டு, குறைந்த குழுவின் தலைவருக்குக் கேள்வி. கொஞ்சக் காலத்தில் எல்லாக் குழுவின் தூண்களும் உயரத் தொடங்கின. முன்பு 3 போட்ட வேலைக்கு இப்போது 5, 5 போட்டதற்கு 8. வாடிக்கையாளருக்குப் போகும் மென்பொருளில் ஒரு முன்னேற்றமும் இல்லை. ஒரு அளவை இலக்காக்கினால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்று சொல்லும் குட்ஹார்ட் விதி இதுதான். சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் 1975 இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னதிலிருந்து வந்தது. மென்பொருள் குழுக்களுக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஸ்டோரி பொயின்ட் தொடங்கிய காலத்தில் அதோடு இருந்தவரும், இப்படிச் சிறு சுற்றுகளாக மென்பொருள் செய்யும் முறைகளுக்கு அடிப்படையான 2001 அஜைல் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவருமான ரொன் ஜெஃப்ரிஸ், பின்னாளில் அது பாவிக்கப்படும் விதத்தைக் கண்டு வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.

அதைவிட மோசமானது, டிக்கெட் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பிரித்து ஆளுக்கு இத்தனை பொயின்ட் என்று கணக்கெடுப்பது. இதை நான் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன். எங்கள் குழுவில் ஆக அனுபவமுள்ள டெவலப்பரின் பெயரில் சில ஸ்பிரின்டில் ஆகக் குறைந்த பொயின்ட் இருக்கும். ஏனென்றால் அவர் நாளின் பாதியைப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் புதிய பிள்ளைக்கு டேட்டாபேஸ் குவெரி ஏன் மெதுவாக ஓடுகிறது என்று காட்டிக் கொடுப்பதில் செலவழிக்கிறார். ஆளுக்கு ஆள் கணக்கெடுத்தால் அவர் அதை நிறுத்துவார், நிறுத்தத்தான் வேண்டிவரும். பயிற்சி முடித்து நேரே எங்களிடம் வரும் பிள்ளைகளுக்குக் கொழும்பில் இருப்பதுபோலப் பத்துக் கொம்பனி மாறி மாறிப் படிக்கும் வசதி இல்லை. பக்கத்துக் கதிரையில் இருப்பவர்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். அதைக் கெடுக்கும் எந்த எண்ணும் எங்கள் மேல்மாடிக்கு வேண்டாம். ஜிராவில் பார்வையிடும் அனுமதியைப் பகிர்வதற்கு முன் இதைப் பற்றிக் கிளையன்டோடு வெளிப்படையாகப் பேசி வைப்பது நல்லது. எங்கள் உடன்பாட்டில், வெலோசிட்டியை வேறு குழுவோடு ஒப்பிடுவதில்லை, தனி ஆளுக்குப் பிரிப்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறோம்.

பக் (மென்பொருளில் வரும் பிழை) திருத்தும் வேலைக்குப் பொயின்ட் போடலாமா என்பது எல்லா இடத்திலும் வாக்குவாதம். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நாங்கள் போடுவதில்லை. நாங்களே கொடுத்த மென்பொருளில் வந்த பிழையைத் திருத்துவதற்குப் பொயின்ட் சேர்ந்தால், பிழை கூடக் கூடத் தூண் உயரும், எல்லாம் நல்லாகப் போவதுபோல இருக்கும். போடாவிட்டால் பிழைகள் கூடும் ஸ்பிரின்டில் பச்சை இறங்கும், ஏன் இறங்கியது என்று எல்லோரும் கேட்பார்கள், டெஸ்டிங்குக்கு நேரம் ஒதுக்கப் பேச்சு வரும். எனக்கு அந்தப் பேச்சு வரவேண்டும். ஆனால் வேறொருவர் முன்பு எழுதிய மென்பொருளைப் பொறுப்பெடுத்து அதில் பிழை திருத்துவதே முழு வேலை என்றால், பொயின்ட் போடத்தான் வேண்டும். அந்தக் குழுவுக்கு அதுதான் வேலை.

மற்றத் தெரிவுகளையும் சொல்ல வேண்டும். மைக்ரோசொஃப்டின் அஷூர் டெவொப்ஸில் வரும் வெலோசிட்டி சார்ட் ஒரு விடயத்தில் இதைவிட மேல்: திட்டமிட்டது, முடித்தது, பிந்தி முடித்தது, முடியாதது என்று நான்கு நிறங்களில் பிரித்துக் காட்டும். எங்கள் அனுமதி நிரல் பிரச்சினை அதில் இன்னும் விரைவாகத் தெரிந்திருக்கும். அதன் இலவச அளவு ஐந்து பேர், அதனால் எங்களுக்குச் சரிவரவில்லை. வெறும் வெள்ளைப் பலகையும் ஒரு ஷீட்டும் போதும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் அது நல்ல வழிதான், கரண்டும் தேவையில்லை. கிளையன்ட் வேறு நாட்டில் இருக்கும்போதுதான், இரு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய, யாரும் பின்னால் திருத்தாத ஒரு பதிவு வேண்டியிருக்கிறது. பொயின்டே வேண்டாம், வேலைகளின் எண்ணிக்கை மட்டும் போதும் என்று நினைத்தால் அதற்கும் ஜிராவில் வழி உண்டு. மதிப்பீட்டு அமைப்பில் பொயின்டுக்குப் பதிலாக எண்ணிக்கையைத் தெரிவுசெய்தால் அதே சார்ட் அதை வைத்துத் தூண் போடும். வேலைகளை ஏறக்குறைய ஒரே அளவில் உடைக்கப் பழகிய குழுவுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கூட்டத்தில் 5ஆ 8ஆ என்று போகும் நேரம் மிச்சம். எங்களுக்கு அந்தப் பேச்சு இன்னும் தேவையாக இருக்கிறது. ஒருவர் 2 என்றும் இன்னொருவர் 13 என்றும் போடும்போதுதான், முதலாமவர் நினைத்தது வேறு வேலை என்பது வெளியே வரும்.

யாருக்கு இது பொருந்தும்? ஆட்கள் அடிக்கடி மாறாத, ஒரே நீளத்தில் ஸ்பிரின்ட் நடத்தும், நான்கிலிருந்து ஒன்பது பேர் வரையான குழுவுக்கு நம்பிச் சொல்வேன். முதல் மூன்று ஸ்பிரின்டின் எண்ணை வெளியே ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். அதற்குள் பொயின்டின் அளவே குழுவுக்குப் பிடிபட்டிருக்காது. இருவர் விலகி இருவர் புதிதாக வந்தாலும் திரும்ப அதே மூன்று ஸ்பிரின்ட் பொறுக்க வேண்டும். பழைய எண் வேறொரு குழுவின் எண்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடத் திட்டம் செய்யும் பிள்ளைகள் சிலர் தங்களுக்கும் இது வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். பரீட்சை, வேறு பாடங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் நான்கு ஸ்பிரின்ட் வருவதே கஷ்டம், ஒவ்வொரு கிழமையும் ஒதுக்கும் நேரமும் வேறு வேறு. அதில் வரும் எண்ணால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஜிராவின் போர்டை மட்டும் பாவியுங்கள், வேலைகளைச் சிறிதாக உடைத்துப் போடுங்கள், தினமும் பத்து நிமிடம் கூடிப் பேசுங்கள். முதல் கிளையன்ட் வேலை கிடைத்த பிறகு இந்தச் சார்ட்டைத் திறந்தால் போதும்.